பாரத்வாஜம், ரேவதி

என் தங்கை லக்ஷணாவின் வாழ்க்கையை நான் கெடுத்தது 2001ஆம் வருஷம் மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மூன்று மணி சுமாருக்கு. கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. ‘ஆமாம்’ என்று அழுத்தினேன். பிறகு எழுந்துபோய்க் காபி குடித்துவிட்டு வந்தேன்.

எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் ஜாதகப் பரிவர்த்தனைக்கென்று ஒரு சபா இருந்தது. சபா என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சத்திரத்தின் முன்னறை, இரண்டு இரும்பு பீரோ, சுவரில் பேரருளாளனாகிய வரதர் படம், காரியதரிசி சக்ரவர்த்தி மாமா, கடிதங்களைப் பார்த்துக்கொள்ள அலமு மாமி. வரன் தேடும் குடும்பங்கள் ஜாதகத்தை இங்கே பதிவு செய்துவைக்கும். வேண்டுகிறவர்களுக்குச் சபா நகல் அனுப்பும். கைங்கரியம்தான், கட்டணம் கிடையாது.

இதில் சில மரியாதைகள் உண்டு. பெண்ணின் பெயரை எங்கேயும் எழுத மாட்டார்கள். கல்யாணமாகாத பெண்ணின் பெயர் ஊர் பேர் தெரியாதவர்கள் கையிலெல்லாம் அடிபடக் கூடாது என்பது மாமாவின் பிடிவாதம். பெண் என்றால் கோத்திரம், நட்சத்திரம், பாதம், பிறந்த தமிழ் வருஷம், அவ்வளவுதான். ‘பாரத்வாஜம், ரேவதி மூணாம் பாதம், ராட்சச வருஷம்’ என்றால் அது ஒரு பெண். பக்கத்து வீடாகவே இருந்தாலும் ஜாதகம் சபா வழியாகத்தான் போக வேண்டும். உறையை ஒட்டி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பெருமாள் படத்தடியில் வைத்துவிட்டால் பிறகு இங்கே யாரும் அதைப் பிரிக்கக் கூடாது. வேண்டாம் என்றாலும் யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள். ‘பெருமாள் உத்தரவு ஆகவில்லை’ என்று ஒரு போஸ்ட் கார்டு வரும். ஏன் என்று கேட்பது அநாகரிகம். பெண்ணுக்கு ஒரு குறை என்று யார் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்படுத்திய வழக்கம். நல்லவர்கள் நல்ல எண்ணத்தோடு ஏற்படுத்தியது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

யாரோ ஒரு புண்ணியவான் சபாவுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் ஸ்கேனர் ஒன்றும் தானம் கொடுத்தார். நான் அப்போது பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். ‘ராம்ப்ரஸாத் இருக்கும்போது நமக்கென்ன கவலை’ என்று நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆக்சஸ் என்ற புரோகிராமில் ஒரு டேட்டாபேஸ் செய்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அப்பா பெயர், விலாசம், வயது, படிப்பு, கடைசியில் ஸ்கேன் செய்த ஜாதகத்தின் படம். படத்தை டேட்டாபேஸுக்கு உள்ளேயே வைத்தேன். ஸ்கேன் ஆனதும் அசல் காகிதத்தை அந்தந்தக் குடும்பத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டோம். நாற்பதாவதாகவோ என்னவோ என் தங்கையுடையதையும் ஏற்றினேன்.

நானூறு ஜாதகம் சேர்வதற்குள் அந்த டேட்டாபேஸ் ஊதிப் பெருத்துவிட்டது. காலையில் திறக்கச் சொல்லிவிட்டு அலமு மாமி ஒரு ஸ்தோத்திரமே சொல்லி முடித்துவிடுவார். நடுநடுவே உறைந்து நின்றுவிடும். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ராஜவேலுவைக் கூப்பிட்டேன்.

“இன்னா சார், எல்லாப் படத்தையும் உள்ளயே போட்டு அடைச்சி வெச்சிக்கினு இருக்கீங்க. அது இன்னா பண்ணும், பாவம்” என்றான். “படத்தையெல்லாம் வெளிய ஒரு ஃபோல்டர்ல போடுங்க. உள்ள லிங்க் மட்டும் குடுங்க, போதும்.”

பெட்டிக்குள் புடவையை வைக்காமல், ‘புடவை அலமாரியில் இருக்கிறது’ என்று ஒரு சீட்டு எழுதி வைப்பது போலத்தான் அது. சீட்டில் எழுதியிருக்கும் இடத்துக்குப் போனால் அங்கே என்ன இருக்கிறதோ அது கிடைக்கும். டேட்டாபேஸ் இளைத்துவிடும்.

“ஃபைலுக்குப் பேரு வெக்கும்போது மட்டும் பாத்து வெய்ங்க சார். ஆளுக்கு ஒரு நம்பரா குடுத்துடுங்க. ரெண்டுத்துக்கு ஒரே பேரு வந்துச்சினா, பின்னாடி வர்றது முன்னாடி இருக்கறத தின்னுட்டுப் பூடும்.”

“எனக்குத் தெரியாதா ராஜவேலு” என்றேன். ஊருக்கே பாடம் எடுக்கிறவனுக்கு ரிப்பேர் பார்க்கிறவன் சொல்லித் தருவதா என்று உள்ளுக்குள் ஒரு சுருக். நம்பர் வைத்தால் மாமாவுக்கும் மாமிக்கும் விளங்காது. எங்கள் சபாவில் நம்பரைச் சொல்லி யார் பெண் கேட்கிறார்கள்? மாமா எப்படிச் சொல்வாரோ அப்படியே பெயர் வைத்தேன். கோத்திரம், நட்சத்திரம், பாதம், வருஷம். நாலும் ஒன்றாக இரண்டு பேருக்கு அமையுமா என்ன?

அமைந்திருந்தது. நூற்றெண்பதாவதாக வந்த திருக்கோவிலூர்ப் பெண்ணும் பாரத்வாஜம், ரேவதி மூன்றாம் பாதம், ராட்சச வருஷம். மாதம் மட்டும் வேறு. என் தங்கை மார்கழி, அந்தப் பெண் ஆடி.

நான்கு நாளாக ஒவ்வொரு படமாக வெளியே எடுத்துச் சேமித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்துபோனதால் ஒரே ஜாதகத்தை இரண்டு தடவை சேமிப்பது சகஜமாகிவிட்டது. ‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, மாற்றட்டுமா?’ என்று கேட்கும். முன்பே சேமித்திருக்கிறேன் போலிருக்கிறது என்று ‘ஆமாம்’ அழுத்துவேன். அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் அழுத்தினேன். என் தங்கையின் ஜாதகம் போய் அந்த இடத்தில் இன்னொருத்தியின் ஜாதகம் உட்கார்ந்தது. இரண்டு பேரின் பக்கத்திலும் இருந்த சீட்டு ஒரே இடத்தைக் காட்டியது. திரையில் படத்துக்குப் பதில் சின்னதாக ஒரு பொம்மைதான் தெரியும்படி வைத்திருந்தேன், வேகமாகத் திறக்க வேண்டுமே. அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

சக்ரவர்த்தி மாமா எனக்குச் சால்வை போர்த்தினார்.

லக்ஷணா வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் செங்கல்பட்டு பஸ்ஸில் போவாள். அதே பஸ்ஸில் ராமானுஜ் போவான். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு, செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் லைப்ரரியன். சாப்பாட்டுப் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்து வைப்பான் என்று எனக்கு வேறொருவர் சொல்லித்தான் தெரியும். கேட்டபோது அவள் மறைக்கவில்லை.

“அவர் அம்மாகிட்ட சொல்லிட்டாராம் அண்ணா. மாமிக்கு என்னைப் பிடிச்சிருக்காம். ஜாதகம் மட்டும் சேரணும், அது ஒண்ணுலதான் மாமி விட்டுக்குடுக்க மாட்டாளாம்.” அப்படிச் சிரித்துக்கொண்டு அவள் பேசி நான் பார்த்ததில்லை. ராட்சச வருஷத்தில் பிறந்தவள் என்று சின்ன வயசில் அவளை ராட்சசி என்று கூப்பிடுவேன். அன்றைக்கும் கூப்பிட்டேன். முதுகில் ஒன்று வைத்தாள்.

அந்த வருஷம் செப்டம்பரில் ராமானுஜின் அம்மா சூடாமணி மாமி முறைப்படி சபாவில் கேட்டார். அலமு மாமி அந்தப் பொம்மையை இரண்டு தடவை தட்டி, திறந்ததை அச்சடித்து, உறையில் போட்டு, மஞ்சள் தடவினார். நான் அதே அறையில்தான் இருந்தேன். ஒரு தடவை வாங்கிப் பார்த்திருக்கலாம். என் தங்கை ஜாதகம் எனக்கு மனப்பாடம், பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

பதினைந்து நாளில் கார்டு வந்தது. பெருமாள் உத்தரவு ஆகவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “நான் போய் அந்த மாமியை நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்” என்று செருப்பை மாட்டினேன்.

“கேக்கக் கூடாதுண்ணா. மரியாதை இல்லை” என்றாள் லக்ஷணா. கார்டை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அந்த மாதக் கடைசியிலிருந்து முந்தைய பஸ்ஸில் போக ஆரம்பித்தாள், ஆறே முக்கால் பஸ். அப்பாவோடு பேசுவதும் குறைந்துபோனது. தை மாதம் ராமானுஜுக்குக் கல்யாணம் நடந்தது. நாங்கள் எல்லோரும் போனோம். லக்ஷணாவும் வந்தாள், இலையில் போட்டதையெல்லாம் சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் அவள் ஜாதகம் இன்னும் மூன்று இடத்துக்குப் போயிற்று. மூன்று கார்டு வந்தது.

2003 ஜனவரியில் திருக்கோவிலூரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. சபாவில் பதிந்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அப்படியானால் பதிவை எடுத்துவிட வேண்டும். பக்கத்தை அழித்தேன், ஃபோல்டரில் இருந்த ஜாதகத்தையும் அழித்தேன். நாலு நாள் கழித்து ஓசூரிலிருந்து யாரோ லக்ஷணாவின் ஜாதகம் கேட்டு எழுதியிருந்தார்கள். அலமு மாமி பொம்மையைத் தட்டினார். திறக்கவில்லை.

“ப்ரஸாத், என்னமோ ஃபைல் காணோம்ங்கறதே, வந்து பாரேன்.”

கவனமில்லாமல் தங்கையுடையதையும் சேர்த்து அழித்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் அழித்ததெல்லாம் போய்ச் சேரும் குப்பைத் தொட்டியில் தேடினேன். அந்தப் பெயரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மீட்டுத் திறந்தேன். முதல் தடவையாக அதை என் கண்ணால் பார்த்தேன்.

ஆடி மாதம் என்று போட்டிருந்தது. லக்னத்திலிருந்து எண்ணினேன். எட்டாம் இடத்தில் செவ்வாய். இன்னொரு தடவை விரலை வைத்து எண்ணினேன். எங்களவர்களிடம் இதற்கு விளக்கமே வேண்டாம். பெண்ணுக்கு எட்டில் செவ்வாய் என்றால் தாலி தங்காது என்பார்கள், புருஷனுக்கு ஆகாது என்பார்கள். என் தங்கைக்குச் செவ்வாய் பதினொன்றில், தோஷமே கிடையாது.

அன்றைக்கே மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். வேறு எதுவும் மாறவில்லை. நானூறு ஜாதகத்தில் இந்த ஒன்றுதான். 

வீட்டுக்குப் போய் அப்பாவின் பெட்டியிலிருந்து லக்ஷணாவின் அசல் ஜாதகத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே சூடாமணி மாமி வீட்டுக்குப் போனேன். என்ன சாதிக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தப்பைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

“வாடா ப்ரஸாத்” என்றார் மாமி. ராமானுஜ் வீட்டில் இல்லை. அவன் மனைவி வந்து நீர்மோர் கொடுத்துவிட்டுப் போனாள். ஏழு மாசம். நடக்கும்போது ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நடந்தாள். அடுத்த வாரம் சீமந்தம் என்றார் மாமி.

“மாமி, ஒண்ணு கேக்கணும். கேக்கக் கூடாததுதான். லக்ஷணா ஜாதகம் ஏன் வேண்டாம்னேள்?”

மாமி உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எட்டுல செவ்வாய்டா. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை நான், பெருமாள் சத்தியமா. எங்காத்துக்காரர் முப்பத்தெட்டு வயசுல போனார். எனக்கு எட்டுல செவ்வாய். எங்க கல்யாணத்துல ஜாதகமே பாக்கலை. அவ ஜாதகத்தைப் பிரிச்சதும் என்னையே பாத்த மாதிரி இருந்தது. மூணு ஜோஸ்யர்கிட்ட காட்டினேன், ஒருத்தராவது பரவாயில்லைன்னு சொல்ல மாட்டாளான்னு.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே மேலே சொன்னார்.

“ராமானுஜ் கேக்கலை. அவகிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிட்டான். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கறேன்னு ஒத்தக் கால்ல நின்னான். நான் ரெண்டு நாள் சாப்பிடலை. அப்பதான் லக்ஷணா வந்தா. நீ ஒக்காந்துண்டிருக்கியே, இதே எடம். ‘மாமி, நீங்க போய்ச் சாப்பிடுங்கோ. அவர் கேட்டாலும் நான் ஒத்துக்க மாட்டேன். அவர் நன்னா இருக்கணும்’னா. சின்னப் பொண்ணு, அவ கால்ல விழணும் போல இருந்தது எனக்கு.”

கூடத்திலிருந்து அந்தப் பெண் இருமினாள். மாமி “தண்ணி குடிம்மா” என்று குரல் கொடுத்தார். என் கை சட்டைப் பையில் இருந்தது. காகிதத்தை எடுத்து அவர் முன் போடுவதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. போட்டுவிட்டு அந்த வீட்டில் யார் நிம்மதியாக இருப்பார்கள்? எழுந்துவிட்டேன். “இதை ஏன் இப்பக் கேக்கறே?” என்று மாமி வாசல்வரை வந்தார். “சும்மாதான்” என்றேன்.

லக்ஷணாவுக்குத் தெரிந்திருக்கிறது. பதினைந்து மாசமாகத் தனக்கு இல்லாத ஒரு தோஷத்தைத் தூக்கிக்கொண்டு ஆறே முக்கால் பஸ்ஸில் போய் வந்திருக்கிறாள். எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரதர் கோயில் மதிலை ஒட்டி நடந்து வந்தபோது அழுதுவிட்டேன். தெரிந்தவர்கள் நாலைந்து பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன்.

“லக்ஷணா, உன் ஜாதகத்துல எட்டுல செவ்வாய் இல்லை.”

சிவப்புப் பேனா அப்படியே நின்றது. “யார் சொன்னா உனக்கு?”

எல்லாவற்றையும் சொன்னேன். ராஜவேலு எச்சரித்தது, நான் கேட்காதது, பெயர் வைத்தது, ஆமாம் என்று அழுத்தியது. ஒன்றையும் பூசி மெழுகவில்லை. சபாவில் அச்சடித்துக்கொண்டு வந்த அந்த ஜாதகத்தையும் எங்கள் வீட்டு அசலையும் அவள் முன்னால் வைத்தேன். அவள் பேப்பர் கட்டை ஓரமாக நகர்த்திவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“அப்போ ஆத்துல இருக்கறதுதான் நெஜமா?”

“அதுதான் நெஜம்.”

“நான் அப்பாதான் மாத்தி எழுதி வெச்சிருக்கார்னு நெனச்சேன். தோஷம் இருக்கற பொண்ணுக்கு அப்படிப் பண்ணுவாளே. பெருமாள் படத்தடியில வெக்கறதுல அப்பா பொய் சொல்ல மாட்டார், சபாவுல இருக்கறதுதான் நெஜம், ஆத்துல இருக்கறது எனக்குத் தெரியக் கூடாதுன்னு பண்ணின பொய்னு நெனச்சேன். கேட்டா அவருக்கு அவமானமா இருக்கும்னு கேக்கலை.” குரல் உடையவில்லை. வகுப்பில் கணக்குப் போடுகிறவளைப் போலச் சொல்லிக்கொண்டு போனாள். “இத்தனை நாளா அப்பாவோட நான் சரியா மொகம் குடுத்துப் பேசலைண்ணா.”

“என்னைத் திட்டு. ரெண்டு அறை வை. என்ன வேணா பண்ணு.”

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. விரலை அந்தப் பதினொன்றாம் கட்டத்தின் மேல் வைத்திருந்தாள்.

“அப்போ, நான் அவரைப் பண்ணிண்டிருந்தா, அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.”

“ஆகியிருக்காது” என்றேன். பொய் சொல்ல எனக்கு வழியில்லை.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “நான் ராமானுஜ்கிட்ட போய்ச் சொல்றேன். மாமிகிட்ட சொல்லலை, அவன்கிட்ட மட்டும். தப்பு என்னுதுன்னு அவனுக்காவது தெரியட்டும். நீ ஏமாத்திட்டேன்னு அவன் நெனச்சிண்டிருக்கக் கூடாது.”

“வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்?”

“அவருக்குத் தெரியும்” என்றாள். “எனக்கு ஒண்ணும் ஆகாது, நீ வான்னு அன்னிக்கே சொன்னார். பஸ் ஸ்டாண்டுல, அத்தனை ஜனத்துக்கு நடுவுல, கையைக் கூப்பிண்டு நின்னார். பஸ் கிளம்பறவரைக்கும் சொல்லிண்டே இருந்தார். நான்தான் நம்பலை.”

அப்புறம் பரீட்சைப் பேப்பர் கட்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிடித்திருந்த கையை விட்டுவிட்டேன், அதைப் பிடித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது?